பதினோரு நாள் குறைச்சல்

அமலாபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் வாசல் மேசையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் நூகரத்னம்; வருகிறவர்களுக்கு ரத்னம் அக்கா. டோக்கன் கொடுப்பது, படிவம் நிரப்புவது, தண்ணீர் குடித்துவிட்டு உட்காரச் சொல்வது, ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுப்பது, இதுதான் என் வேலை. இத்தனை வருஷத்தில் வயிற்றுப் பிள்ளைகளைப் பற்றி என்ன கற்றுக்கொண்டேனோ தெரியாது, பிள்ளை சுமப்பவளைச் சுற்றி வந்து நிற்கிற கூட்டத்தைப் பற்றி நன்றாகக் கற்றுக்கொண்டேன். அவர்கள் மேல் எனக்கு மரியாதை என்று ஒரு துளிகூட மிச்சமில்லை. வீரவேணியின் கதையைக் கேட்டால் உங்களுக்கும் இருக்காது.

வீரவேணிக்கு அப்போது இருபத்தாறு வயது. இறால் கொட்டகையில் வேலை. எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நெல் வயலையெல்லாம் வெட்டி இறால் குளமாக்கிவிட்டார்கள். அந்த இறால்களைத் தலை கிள்ளி, அளவு பார்த்துப் பிரித்து, ஐஸில் அடுக்குவது பெண்களின் வேலை. அளவு பிரிக்கும் மேசைக்கு எல்லாரையும் விடமாட்டார்கள். கை ஓடும் வேகத்தில் கண் ஓட வேண்டும். வீரவேணி ஐந்து வருஷமாக அந்த மேசையில் இருந்தாள். அவள் பிரித்துப் போட்ட தட்டை யாரும் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை என்று கொட்டகைப் பெண்களே சொல்வார்கள்.

அம்மா இல்லாத பெண். இவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பா தணுக்கு ஊரில் இவள் அண்ணன் வீட்டில் ஒரு மூலையில். மூன்று வருஷத்துக்கு முன்னால் சூரிபாபுவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சூரிபாபு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணமான இருபதாம் நாள் விமானம் ஏறியவன், மூன்று வருஷத்தில் இரண்டு தடவைதான் வந்தான். பெண்டாட்டியோடு இருந்ததைவிடப் பெண்டாட்டியிடம் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதே அதிகம். அவன் அம்மா மங்காயம்மா, அக்கா ஆதிலட்சுமி. ஆதிலட்சுமிக்குப் புகுந்த வீடு அதே ஊரில் கால்வாய்க்கு அக்கரை. ஆனால் அவள் மூக்கு எப்போதும் இக்கரையில்தான் இருக்கும்.

அந்த வருஷம் சங்கராந்திக்கு சூரிபாபு லீவில் வந்தான். போகியன்று காலை வீரவேணிக்கு விலக்காகிவிட்டது. மங்காயம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாளாம்.

"வருஷத்துக்கு ஒருக்க வர்ற பண்டிகை! மூணு வருஷத்துல இந்தப் பண்டிகைக்குத்தான் பையன் வீட்ல இருக்கான்! இன்னிக்குத்தானா உனக்கு வரணும்?"

பின்கட்டில் தனியாக உட்கார வைத்து, தட்டைத் தள்ளிவிட்டுப் போட்டார்கள். சூரிபாபு மூன்று நாளும் சேவல் பந்தயத்தில் கிடந்தான், அவனுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஆனால் தேதி எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது. ஜனவரி பதினாலு. பிப்ரவரி மூன்றாம் தேதி அவன் மஸ்கட்டுக்குத் திரும்பினான். ராஜமுந்திரி விமான நிலையம்வரை காரில் குடும்பத்தோடு போய் அழுது வழியனுப்பினார்கள். அந்தத் தேதியும் மனப்பாடம்.

பிப்ரவரி முடிவதற்குள் நாள் தள்ளிப்போனது தெரிந்தது. மங்காயம்மா தெருவெல்லாம் பூதரேகுலு இனிப்பு கொடுத்தாள். மார்ச் பதினொன்றாம் தேதி மாமியார், நாத்தனார், வீரவேணி மூன்று பேருமாக எங்களிடம் வந்தார்கள்.

அன்று டாக்டர் ஹைமாவதியின் உதவியாளர் லீவு. அளவுகளை எழுத நான் உள்ளே போய் நின்றேன். வீரவேணி மேசையில் படுத்திருந்தாள். கைவிரல் நுனியெல்லாம் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஆறு மில்லிமீட்டர். ஆறு வாரம், மூணு நாள்" என்றார். நான் எழுதினேன். "துடிப்பு தொண்ணூத்தெட்டு." அதையும் எழுதினேன். அதைச் சொல்லும்போது டாக்டரின் புருவம் கொஞ்சம் சுருங்கியது. எனக்குத் தெரிந்த புருவம் அது.

வீரவேணி தலையைத் தூக்கினாள்.

"மேடம், எனக்கு இன்னிக்கோட சரியா எட்டு வாரம் ஆகுதே."

"ஆமாம்மா. கணக்குப்படி எட்டு. அளவு ஆறு வாரம் மூணு நாள் காட்டுது. பதினோரு நாள் குறைச்சல்."

"எட்டு வாரத்துக்கு எவ்வளவு இருக்கணும்?"

"பதினாறு மில்லி இருக்கும்."

"பாதிகூட இல்லையா மேடம்?"

டாக்டர் துணியைக் கொடுத்து வயிற்றைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஹைமாவதி அம்மாவிடம் எனக்குப் பிடித்த ஒன்று, நின்றுகொண்டு கெட்ட செய்தி சொல்லமாட்டார்.

"இங்க பாரு, ரெண்டு விஷயம் இருக்கலாம். ஒண்ணு, கரு தாமதமா தங்கியிருக்கும். அப்படின்னா இதோட வயசே ஆறு வாரம்தான், அளவும் சரி, கவலையில்ல. இன்னொண்ணு, வளர்ச்சியே குறைவா இருக்கலாம். துடிப்பும் கொஞ்சம் மெதுவா இருக்கு. எதுன்னு இன்னிக்குச் சொல்ல முடியாது. பன்னெண்டு நாள் கழிச்சு வா. அதுக்குள்ள வளர்ந்திருக்கணும்."

"வளரலைன்னா?"

"வந்து பார்ப்போம்."

"நான் ஐஸ்ல கை வைக்கிறதாலயா மேடம்?"

"இல்ல. நீ செஞ்சதால எதுவும் இல்ல."

வீரவேணி அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கழிவறைக்குப் போனாள். நான் ரிப்போர்ட்டை உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஆதிலட்சுமி எழுந்து வந்து கையை நீட்டினாள். "நான் அவ வதினாதான், கொடுங்க" என்றாள். நாத்தனார்தானே என்று கொடுத்துவிட்டேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டவளிடம் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். டீ வந்திருந்தது, ஆறிவிடுமே என்ற அவசரம். பத்தொன்பது வருஷத்தில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான்.

ஆதிலட்சுமி இண்டரில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், பெயில். ஆனால் கையில் போன் இருந்தது. போனில் பிள்ளைப்பேறு நாள் கணக்கிடும் செயலி ஒன்று இருந்தது. தன் பிள்ளைகள் இரண்டும் பெரியவர்களாகிவிட்ட பிறகும் அதை அழிக்காமல் வைத்திருந்தாள், ஊரார் பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்க்க. ரிப்போர்ட்டில் இருந்த எண்ணை அதில் தட்டினாள். ஒரு நிமிஷம் கழித்து அவள் முகத்தில் வந்ததைப் பார்க்க வேண்டுமே! லாட்டரி விழுந்தவளுக்குக்கூட அப்படி முகம் மலராது.

"அம்மா, கரு தங்கின நாள் என்னன்னு போட்டிருக்கு பாரு. பிப்ரவரி எட்டு."

மங்காயம்மாவுக்குப் புரியவில்லை. "அதுக்கென்ன?"

"தம்பி எப்பப் போனான்?"

"மூணாந் தேதி."

"எட்டாந் தேதி எங்க இருந்தான்?"

மங்காயம்மா விரல் கணுக்களில் எண்ணினாள். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒரு தடவை எண்ணி, திரும்பவும் எண்ணினாள், அடுத்த தடவை எண் மாறிவிடும் என்பதுபோல. பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் போனைப் பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

நான் மேசையிலிருந்து சொன்னேன்: "அம்மா, அதெல்லாம் நாலஞ்சு நாள் முன்னப் பின்ன காட்டும். அப்படி எண்ணக்கூடாது."

ஆதிலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க டாக்டரா?"

"இல்ல."

"அப்ப டோக்கன் கொடுங்க."

எங்கள் சுவரில் பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறது: ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம். யாருடைய பிள்ளை என்று கேட்பது குற்றம் என்று யாரும் பலகை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

வீரவேணி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. மாமியாரிடம் போய், "அத்தை, பிள்ளை சின்னதா இருக்காம்" என்றாள். அவள் எதிர்பார்த்தது ஒரு கையை, தலையில் வைக்க. மங்காயம்மா எழுந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"சின்னதா இல்லடி. புதுசா இருக்கு" என்றாள் ஆதிலட்சுமி.

அவர்கள் இரண்டு பேரும் ஒரு ஆட்டோவில் போனார்கள். வீரவேணி அடுத்த ஆட்டோவுக்காக வெயிலில் நின்றாள்.

நாலு நாள் கழித்து, கொட்டகை வேலை முடிந்து மத்தியானம் மூன்று மணிக்குத் தனியாக வந்தாள். உடம்பெல்லாம் இறால் வாடை. "அக்கா, இன்னிக்கே ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன்" என்றாள். நாலு நாளில் ஒன்றும் தெரியாது, டாக்டர் சொன்ன நாளில் வா என்றேன். சரி என்றாள். ஆனால் போகவில்லை. என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட்டமில்லாத நேரம். அன்று ரிப்போர்ட்டைத் தூக்கிக் கொடுத்தவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க கொடுக்கலைன்னா வீட்ல வந்து என் பையிலருந்து எடுத்திருப்பாங்க. விடுங்கக்கா" என்றாள். அது ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு ஆறவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். அன்று சாயங்காலமே ஆதிலட்சுமி ரிப்போர்ட்டைப் படமெடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டாள். சூரிபாபு போன் பண்ணவில்லை. குரல் செய்திகளாக அனுப்பினான். போனில் பேசினால் பதில் வரும் அல்லவா. வீரவேணி ஒன்றைப் போட்டுக் காட்டினாள். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும் டிவி சத்தமும் கேட்டன.

"வேணி, நான் திட்ட மாட்டேன். கோபப்பட மாட்டேன். நான் படிச்சவன், எனக்கு எல்லாம் புரியும். உண்மையை மட்டும் சொல்லிடு. நான் போனப்பறம் என்ன நடந்துச்சு? யாரு அது? கொட்டகையிலயா? சொல்லிடு, என்ன செய்யலாம்னு பார்ப்போம்."

பிள்ளைக்கு எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. ஏசியில் வாயு தீர்ந்துவிட்டதா என்று பார்க்கிறவன்கூட முதலில் ஓடுகிறதா என்று கேட்பான்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"பிள்ளை சின்னதா இருக்கு, துடிப்பு கம்மியா இருக்கு, எனக்கு பயமா இருக்குன்னு சொன்னேன். உங்களுதுதான்னும் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். அதுக்கு அவரு, 'பேச்சை மாத்தாதே'ங்கறாரு."

மங்காயம்மா கிராம தேவதை கோயிலுக்கு இழுத்திருக்கிறாள், கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணு என்று. வீரவேணி, "சரி அத்தை, பண்றேன். உங்க பையன் மூணு வருஷமா மஸ்கட்ல எப்படி இருந்தான்னு அவனையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒரே கற்பூரத்துல கை வைக்கிறோம்" என்றாளாம். மங்காயம்மா வாயில் அடித்துக்கொண்டு, ஆம்பளையை இப்படிப் பேசுகிறவள் எதையும் செய்வாள் என்று தெருவுக்குச் சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்குப் போன் பண்ணினாள் வீரவேணி. அவன், "கொஞ்சம் அனுசரிச்சுப் போ, நான் வேலையில இருக்கேன்" என்றான். என்ன வேலையோ, இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். பிள்ளையின் அளவைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் உடைந்தது.

"பெசரட்டுக்குப் பயறு பொறுக்கிட்டிருந்தேன்க்கா. ஒண்ணை எடுத்து ஸ்கேல்ல வெச்சுப் பார்த்தேன். அஞ்சு மில்லிதான் இருக்கு. நம்மளுது அதைவிட ஒரு மில்லி பெருசு. அதுல ஒரு இதயம் எப்படிக்கா இருக்கும்? இருந்து, அதுவும் மெதுவா அடிச்சா?" பாத்ரூம் போகும்போதெல்லாம் ரத்தம் தெரிகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னாள். பார்க்கப் பயந்து சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்பதாகவும் சொன்னாள். ஐஸ் மேசையிலிருந்து மாறி இறால் ஓடு கூட்டும் வேலைக்குப் போய்விட்டாள். டாக்டர் அதில் ஒன்றுமில்லை என்றாரே என்றேன்.

"அவங்க சொன்னாங்க. ஆனா நான் எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும்ல."

தெருவில் இளநீர் வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான்.

"ஒண்ணு யோசிச்சுப் பாருங்கக்கா. டாக்டரம்மா ரெண்டு காரணம் சொன்னாங்க. பிள்ளை நல்லா இருக்குன்னா, அது லேட்டா தங்கினதுன்னு அர்த்தம். அப்ப இவங்க கணக்குல நான் கெட்டவ. நான் நல்லவன்னு ஆகணும்னா, பிள்ளை வளராம இருக்கணும். செத்துப்போனா இவங்களே வந்து எனக்குக் குங்குமம் வெப்பாங்க. 'பாவம், எங்க மருமக பத்தினி, பிள்ளைதான் தங்கலை'ன்னு ஊரெல்லாம் சொல்வாங்க."

மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அத்தை விளக்கு ஏத்திக் கும்பிடறாங்க. என்ன வேண்டிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். நானும் கும்பிடறேன். நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன், இது லேட்டா தங்கினதாவே இருக்கட்டும்னு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். என்னைப்போல் ஒருத்தி முன்னால் அழக்கூடாது என்று போனாளோ என்னவோ. நான் டாக்டரிடம் போய் அவ்வளவையும் சொன்னேன். எனக்கு இதில் தலையிட உரிமையில்லை என்று தெரிந்தும் சொன்னேன். ஹைமாவதி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அடுத்த தடவை அவ மாமியாரையும் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.

சொல்லவே தேவையிருக்கவில்லை. மார்ச் இருபத்துமூன்றாம் தேதி மாமியாரும் நாத்தனாரும் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் மாதிரி பட்டுப்புடவையில் வந்து இறங்கினார்கள். வீரவேணி பின்னால் தனியாக பஸ்ஸில் வந்தாள்.

உதவியாளர் இருந்தும், டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். வீரவேணி திரையைப் பார்க்கவில்லை. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் கருவியை வைத்தார். நகர்த்தினார். ஒரு பக்கம் அழுத்தினார்.

"எழுது ரத்னம். பதினேழு மில்லிமீட்டர்."

எழுதினேன்.

"எட்டு வாரம், ஒரு நாள். துடிப்பு நூத்தி அறுபத்தி நாலு."

"எத்தனை மில்லி மேடம்?"

"பதினேழு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பதினேழும்மா. பன்னெண்டு நாள்ல பதினோரு மில்லி வளர்ந்திருக்கு. இப்படித்தான் வளரணும். பிள்ளை நல்லா இருக்கு. கரு தாமதமா தங்கியிருக்கு, அவ்வளவுதான்."

அப்போதுதான் திரும்பித் திரையைப் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் துடிப்பின் சத்தத்தைத் திறந்துவிட்டார். அது ஓடுகிற ஓட்டம்! இறால் குளத்தில் காற்றடிக்கிற யந்திரம்போலத் தடதடவென்று.

பிறகு மங்காயம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். கூப்பிடாமலே ஆதிலட்சுமியும் வந்தாள். ஹைமாவதி அம்மா ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டார். ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"விலக்கான பதினாலாம் நாள் முட்டை வரும்ங்கறது பொதுவான கணக்கு. எல்லா உடம்புக்கும் அந்தக் கணக்கு தெரியாது. இந்தப் பொண்ணுக்கு இருபத்திரெண்டு, இருபத்தஞ்சுல வந்திருக்கு. உங்க பையன் போனது இருபதாம் நாள். ஆம்பளையோட விந்து உள்ள போய் அஞ்சு நாள்வரைக்கும் உயிரோட இருக்கும். அவன் போயிட்டான், அது இருந்துச்சு. அதுக்கு மேல, ஸ்கேன் சொல்ற தேதியே நாலஞ்சு நாள் முன்னப் பின்ன இருக்கும். புரிஞ்சுதா?"

மங்காயம்மா தலையை ஆட்டினாள். எல்லாவற்றுக்கும் ஆட்டினாள். ஆதிலட்சுமி மட்டும், "அவன் ஊருக்குப் போனப்பறமும் அது அஞ்சு நாள் உட்கார்ந்திருக்குமா?" என்றாள்.

"நீங்க உங்க வீட்டுக்குப் போகாம இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்களே, அந்த மாதிரி" என்றார் டாக்டர்.

நான் சிரிப்பை அடக்க உறையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், இந்த மனிதர்களை உங்களுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து செருப்பைப் போடும்போது மங்காயம்மா சொன்னது என் காதிலேயே விழுந்தது: "டாக்டருங்க எதையாவது சொல்வாங்க. திரும்பத் திரும்ப ஸ்கேனுக்கு வரவெக்கணும்ல." ஆனாலும் டாக்டர் சொன்னார் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. மானம் திரும்பியது. அந்தச் சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து குரல் செய்தி வந்தது. வீரவேணி மறுநாள் கொட்டகைக்குப் போகும் வழியில் நின்று எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"வேணி, அக்கா எல்லாம் சொன்னா. சரி, நடந்தது நடந்துபோச்சு. நான் எல்லாத்தையும் மறந்துட்டேன். உன்னை மன்னிச்சுட்டேன். உடம்பைப் பார்த்துக்க."

"மன்னிச்சானாம்க்கா!" என்றாள் வீரவேணி. "எதுக்குன்னு கேட்டு அனுப்பினேன். பார்த்துட்டான். பதில் இல்லை."

அவள் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "நான் ஏன் போகணும்? தினம் என் வயிறு பெருசாகறதை அவங்க பார்க்கணும்" என்றாள். பின்கட்டில், போகியன்று அவளை உட்கார வைத்த இடத்திலேயே, தனி அடுப்பு போட்டாள். தனக்கு மட்டும் சமைத்தாள். கோங்குரா, கருவாடு, முருங்கைக்காய், வாய்க்குப் பிடித்ததெல்லாம். மாமியாரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு "உம்", "இல்ல" அவ்வளவுதான். மங்காயம்மாவுக்குச் சண்டை போடத் தெரியும். மௌனத்தை என்ன செய்வதென்று தெரியாது. ஊரில் போவோர் வருவோரிடமெல்லாம் மருமகள் திமிர் பிடித்தவளாகிவிட்டாள் என்று அழுதாள். ஏழாம் மாதம் சீமந்தம் செய்யவேண்டும் என்று புடவையும் வளையலும் எடுத்து வந்தார்கள். வீரவேணி அன்று காலை ஆறு மணி வேனில் ஏறி வேலைக்குப் போய்விட்டாள். வந்திருந்த சுமங்கலிகள் இருபது பேரும் நாற்காலிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள் என்று எங்கள் டவுனில் பேசிச் சிரித்தார்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கும் எட்டாம் மாத ஸ்கேனுக்கும் தனியாகவே வந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு முதல் டோக்கனுக்கு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் வாய் திறப்பதற்குள், "அளவு சரியா இருக்கா மேடம்?" என்பாள். சரியாகத்தான் இருந்தது. அந்தப் பயம் மட்டும் அவளைவிட்டுக் கடைசிவரை போகவில்லை.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ அறுநூறு. நானும் பார்க்கப் போயிருந்தேன். மங்காயம்மாவும் ஆதிலட்சுமியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று குழந்தையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பிறந்த குழந்தையின் முகத்தில் என்ன இருக்கும்? வேகவைத்த வேர்க்கடலை மாதிரி இருந்தது. ஆனால் மங்காயம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"மூக்கைப் பாரு ஆதி! அப்படியே நம்ம சூரி மூக்கு!"

"ஆமாம்மா. காதுகூட நம்ம வம்சம்" என்றாள் ஆதிலட்சுமி. அடுத்த நொடி போனை எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பப் படம் பிடித்தாள்.

வீரவேணி தலையணையில் சாய்ந்துகொண்டு ஏழு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக மாமியாரிடம் முழு வாக்கியம் பேசினாள்.

"நல்லாப் பாருங்க அத்தை. அது அவர் மூக்கு இல்லை."

மங்காயம்மாவின் முகம் வெளுத்தது. குழந்தையின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. வீரவேணி திரும்பிப் படுத்துக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. பின்னால் நான் கேட்டேன், எதற்கு அப்படிச் சொன்னாய், மறுபடியும் கிளப்பிவிட்டாயே என்று.

"மூக்கு என் அம்மாவோடது அக்கா. உண்மையைத்தான் சொன்னேன்" என்றாள். "அவங்க என்ன புரிஞ்சுக்கிட்டாங்களோ அது அவங்க பாடு. எட்டு வாரத்துல எண்ணிப் பார்த்தவங்க, இப்பவும் எண்ணட்டும்."

எண்ணியிருப்பார்கள். அவன் விமானம் ஏறிய நாளிலிருந்து பிள்ளை பிறந்த நாள்வரை இருநூற்றறுபத்தேழு நாள். நானே காலண்டரை வைத்து எண்ணினேன், சும்மா இருக்க முடியாமல். டாக்டரிடம் காட்டினேன். புத்தகத்தில் இருக்கிற கணக்கைவிட ஒரு நாள்தான் அதிகம் என்றார். எண்ணியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. எண்ணியவர்கள் பட்டியலில் நானும் ஒருத்தி.

மூன்றாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீரவேணி அமலாபுரத்துக்கே வந்துவிட்டாள். கால்வாய் ஓரத்தில் இரண்டு அறை. கொட்டகையில் கூட வேலை பார்க்கும் காந்தம் என்ற விதவை ஒருத்தி பக்கத்து வீடு. ஒருத்தி காலை ஷிஃப்ட், ஒருத்தி சாயங்கால ஷிஃப்ட், பிள்ளையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். வீரவேணி மறுபடி அளவு மேசைக்கே போனாள். இப்போது அந்த மேசைக்கு அவள்தான் தலைமை.

ஆதிலட்சுமி போன வருஷம் கர்ப்பப்பைக் கட்டி என்று எங்கள் சென்டருக்கு வந்தாள். என்னைப் பார்த்துத் தெரியாதவள்போல் இருந்தாள். நானும் தெரியாதவள்போலவே பதினெட்டாம் நம்பர் டோக்கன் கொடுத்தேன். முழு பாட்டில் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். மூன்றாம் நம்பரும் கையில் இருந்தது. இது சின்னத்தனம்தான், எனக்குத் தெரியும்.

சூரிபாபு குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்போது லீவில் வந்தான். கையில் பெரிய பெட்டி, பால் பவுடர், ஒரு பொம்மைக் கார். வீரவேணி உள்ளே வரச் சொன்னாள். நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். விருந்தாளிக்குச் செய்வது எல்லாவற்றையும் செய்தாள். அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். குழந்தை அவனைப் பார்த்து அழுது காந்தத்தின் இடுப்பில் ஏறிக்கொண்டது. அந்த ஒரு மணி நேரத்தில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்று காந்தம் எனக்குச் சொன்னாள்.

"வேணி, எல்லாரும் என்னென்னவோ சொல்றாங்க. ஒரே ஒரு தடவை உன் வாயால சொல்லிடு. இவ என் பொண்ணுதானே?"

"அன்னிக்கே சொன்னேன். நீ கேட்கலை" என்றாள் வீரவேணி. "இன்னொரு தடவை சொல்ல எனக்கு இஷ்டமில்லை. வேன் வந்துடும், டீயைக் குடிச்சிடு."

அவன் டீயைக் குடித்தான். பெட்டியை வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் மஸ்கட்டிலிருந்து குழந்தையின் படம் கேட்டு நாள்தோறும் செய்தி அனுப்புகிறான். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாதபோது, நினைப்பு வந்தால், ஒன்று அனுப்புகிறாள்.